பிசிறில்லாத பனியன்

என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஐரோப்பா போய்வந்து பயணக் கட்டுரை எழுதிவிட்டார்கள். பாரிசில் மழை பெய்தது, வெனிசில் படகு ஆடியது என்று அவர்கள் எழுதியதையெல்லாம் மேற்கு மாம்பலத்தில் கொசுவத்திப் புகைக்கு நடுவே உட்கார்ந்து படித்து வயிறெரிந்தவன் நான். கடைசியில் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. ஐரோப்பாவிலிருந்துதான் வந்தது. ஆனால் போகச் சொன்ன இடம் திருப்பூர். கூட ஒரு பெல்ஜியத்துக்காரர் வந்ததால் இதை அரை வெளிநாட்டுப் பயணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிழைப்புக்கு நான் விஞ்ஞானத்தை மொழிபெயர்க்கிறேன். ஆங்கிலத்தில் வரும் ஆய்வுச் செய்திகளை ஒரு மாத இதழுக்குத் தமிழாக்கித் தருவது வேலை. மாதத்துக்கு ஓர் எலியாவது என் கையால் புற்றுநோயிலிருந்து குணமாகிறது. சர்க்கரை நோய், மூட்டுவலி, ஞாபகமறதி எதுவும் இன்றைய தேதியில் எலிகளுக்கு ஒரு பொருட்டில்லை. பன்றியின் சிறுநீரகத்தை மனிதனுக்குப் பொருத்தியதையும், பிளாஸ்டிக்கைத் தின்னும் நொதியையும் நான் தமிழில் சொல்லிவிட்டேன். அதைப் படித்தவர்களில் ஒருவர்கூட எனக்கு இதுவரை கடிதம் போட்டதில்லை. ஆகவே விஞ்ஞானம் நடக்கும் இடத்துக்கு நேரில் வந்து மொழிபெயர்க்க முடியுமா என்று அந்த பெல்ஜியத்துக்காரர் எல்கே கேட்டபோது, சம்பளம் என்னவென்று கேட்கும் முன்பே பெட்டியை எடுத்துவிட்டேன்.

எல்கே ஒரு பெண் பொறியாளர். நாற்பதைத் தாண்டியவர், என்னைவிட ஒரு தலை உயரம். அவருடைய குழுவில் ஓர் இதய மருத்துவரும், வியர்வையையும் தோலில் வாழும் கிருமிகளையும் ஆராயும் உயிரியலாளர் ஒருவரும் இருந்தார்கள். மூவரும் சேர்ந்து ஒரு பனியன் செய்திருந்தார்கள். வெள்ளி முலாம் பூசிய நூலைச் சாதாரணப் பருத்தியோடு சேர்த்து நெஞ்சுப் பகுதியில் பின்னியிருந்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளிவிடும் துளி மின்சாரத்தை அந்த நூல் தோலிலிருந்து வாங்கி, இடுப்பில் செருகிய தீப்பெட்டியளவு பெட்டிக்குக் கடத்தும். பெட்டி அதைச் சேமித்து வைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும் இதயங்களை, அவை அசந்திருக்கும் வேளையில் பிடிப்பதுதான் நோக்கம்.

ஏன் திருப்பூர் என்று கேட்டேன். "இரண்டு காரணம்" என்றார் எல்கே. "இந்தப் பின்னலை இவ்வளவு நேர்த்தியாக வேறெங்கும் செய்து தர மாட்டார்கள். இன்னொன்று, பெல்ஜியத்தில் யாருக்கும் போதுமான அளவு வியர்ப்பதில்லை."

முதல் நாள் மாலை ஊரைச் சுற்றினோம். மின்கம்பம், பாலத்தூண், மூடிய கடைக் கதவு எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது. தேர்தலா என்று எல்கே கேட்டார். படித்துச் சொன்னேன்: டெய்லர் தேவை, துணி மடித்துக் கொடுக்கக் கைமடி தேவை, செக்கிங்குக்கு ஆள் தேவை, தங்குமிடம் உண்டு. ஒன்றில் அதையே இந்தியிலும் அச்சடித்திருந்தார்கள். மாம்பலத்தில் சுவரெல்லாம் வேலை கேட்கும். இங்கே வேலை ஆளைக் கேட்கிறது. இதைச் சொன்னதும் எல்கே முகம் மலர்ந்து, "அப்படியானால் இது மகிழ்ச்சியான ஊர்" என்றார். நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது கீழே சாயக்கழிவு நுரைத்து ஓடுவதைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சாலையோரத் தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டோம். காளான் என்றுதான் பெயர். முட்டைக்கோசையும் மைதாவையும் பொரித்து, பிய்த்து, சிவப்புக் குழம்பில் கொதிக்கவைத்து, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருகிறார்கள். எல்கே கரண்டியால் நெடுநேரம் துழாவிவிட்டு, "எங்கள் உயிரியலாளர் இருந்தால் இதில் பூஞ்சை இனம் எதையும் கண்டுபிடிக்கமாட்டார்" என்றார். வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்றார். நன்றாக இருக்கிறதாம் என்றேன். மொழிபெயர்ப்பாளனின் முதல் பொய்யை இவ்வளவு சீக்கிரம் சொல்லவேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் அருள்புரத்தில் இருந்த கம்பெனிக்குப் போகவேண்டும். நாங்கள் ஏறிய ஆட்டோ வழியில் படுத்துவிட்டது. சென்னையாக இருந்தால் ஓட்டுநர் என்னைத் தள்ளச் சொல்லிவிட்டு என் தள்ளுதலில் குறையும் கண்டுபிடித்திருப்பார். இவரோ, "மன்னிச்சுக்கோங்க சார், ஒரு அஞ்சு நிமிசமுங்க, வெயில்ல நிக்காதீங்க, அந்த பேக்கரில உக்காந்து டீ குடிங்க" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் டீ குடித்தோம், தேங்காய் பன் சாப்பிட்டோம், மறுபடி டீ குடித்தோம். துணி உருளைகளை மலையாகக் கட்டிய டெம்போக்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. மரியாதையாகத் தாமதப்படுத்தப்படுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாது. அந்தச் சுகத்துக்கு என்ன விலை என்பதும் அப்போது தெரியாது.

கம்பெனி முதலாளி செந்தில்நாதன் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் இரண்டு போன்.

"வாங்க வாங்க. நீங்க வர நேரமாகும்னு போன் வந்துச்சுங்களா, நம்மால மேடத்துக்கு வேலை தாமசமாகக் கூடாதுன்னு நாங்களே எல்லாம் முடிச்சு வெச்சுட்டோமுங்க" என்றார்.

எதை முடித்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"உங்க பனியனுங்க. ஸ்டிச்சிங் நேத்தே முடிஞ்சுது. காத்தால செக்கிங்ல போட்டு, பிசிறு வெட்டி, அயர்ன் பண்ணி, பாலிபேக்ல போட்டாச்சு. ஒரு பீஸ் ரிஜெக்ட் இல்லீங்க."

தைத்து முடித்த துணியில் ஓரத்தில் தொங்கும் நூல் நுனிகளைத்தான் இங்கே பிசிறு என்கிறார்கள். ஒரு பிசிறு தொங்கினால்கூட வெளிநாட்டுக்காரன் பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவான் என்ற பயத்தில் வளர்ந்த ஊர் இது. தையலிலிருந்து வருவது எதுவானாலும் செக்கிங் மேசைக்குப் போகும். அங்கே வரிசையாக நிற்கும் பெண்கள் டிரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியால் அத்தனை நூலையும் வெட்டித் தள்ளுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, சோறு வெந்தால் வடிப்பதைப் போல.

எல்கேயின் பனியன் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளி நூல் தொங்கியிருந்தது. அதைத்தான் பெட்டியோடு இணைக்கவேண்டும். விதிமுறைகளை நானே தமிழில் எழுதி முன்கூட்டி அனுப்பியிருந்தேன். வெந்நீரில் நனைக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, மடித்த இடத்தில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தொங்கும் நூலை வெட்டக் கூடாது என்று எழுதவில்லை. பெல்ஜியத்தில் யாரும் வெட்டமாட்டார்கள், மாம்பலத்திலும் வெட்டமாட்டார்கள். மாம்பலத்தில் தொங்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

எல்கே ஒரு பாலித்தீன் உறையைப் பிரித்தார். பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைப் பிரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

செந்தில்நாதனுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, அது வேணும்னே உட்ட நூலுங்களா?" என்றார். "அடக் கருமமே. நம்ம புள்ளைங்க தப்பு ஒண்ணும் பண்ணலைங்க சார். நல்லாத்தான் வேலை பண்ணிருக்குதுங்க. அதுதான் வினையாப் போச்சு."

அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் எல்கே ஒரு மூலையில் உட்கார்ந்து, வெட்டிய இடத்தில் ஊசியால் நெம்பி, மிச்சமிருந்த வெள்ளி நூலோடு புது நூலைச் சேர்த்துத் தைத்தார். சிலவற்றில் நெம்ப முடிந்தது. பலவற்றில் விளிம்போடு ஒட்ட வெட்டியிருந்தார்கள், அத்தனை சுத்தமான வேலை. ஆண்கள் அளவில் கொஞ்சம் தேறியது. பெண்கள் அளவில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது.

அந்த ஒன்றைக் கேட்டு வந்தவர்தான் மரகதம்.

செக்கிங் மேசையில் பல வருடமாக நிற்பவர். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கழுத்தில் நாடாவில் கோத்த டிரிம்மர். சொந்த ஊர் குண்டடம் பக்கம், இருப்பது வேலம்பாளையத்தில். ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது மற்றவர்கள் "வலிக்குங்களா?", "ஷாக் அடிக்குங்களா?" என்று கேட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் பனியனை அப்புறம் நாமே வைத்துக்கொள்ளலாமா என்று இந்தியில் கேட்டான். மரகதம் மட்டும், "இது பொய் சொல்லாதுங்களா?" என்று கேட்டார்.

என்ன பொய் என்றேன்.

"நெஞ்சுக்குள்ள ஒண்ணு வருதுங்க சார். ஓவர்லாக் மிசின்ல நூலு அந்துபோனா, துணி தைக்காம மிசின் மட்டும் வெறுமனே கடகடன்னு ஓடுமுங்களே, அந்த மாதிரி. கண்ணு இருட்டும். கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். ஆஸ்பத்திரிக்குப் போறக்குள்ள போயிருதுங்க. அவுங்க ஈசிஜி எடுத்துட்டு நார்மல்ங்கறாங்க. ஒருக்கா ஒரு நாள் பூரா பொட்டி மாட்டி உட்டாங்க. அன்னிக்கினு பாத்து அது வரலைங்க."

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"கேஸ் ட்ரபுளுங்கறாங்க. அப்பறம் டென்சனுங்கறாங்க. இப்ப ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க."

கொஞ்சம் நிறுத்தி, "என்ற தங்கச்சிக்கும் இதேதானுங்க இருந்துச்சு" என்றார். "பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தவ அப்பிடியே உக்காந்தா. எந்திரிக்கலை. வெயிலுன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரு புள்ள இருக்குதுங்க, ப்ளஸ் டூ படிக்குது. இது என்னன்னு தெரிஞ்சுதுன்னா அவளுக்காச்சும் பாத்துரலாம். அதுக்குத்தானுங்க கேக்கறேன்."

இதை நான் மொழிபெயர்த்தபோது எல்கே எழுதுவதை நிறுத்திவிட்டார். தங்கை இறந்ததைச் சொன்னதும் பேனாவையே கீழே வைத்துவிட்டார். "இது ஆய்வுதான், சிகிச்சை இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் எப்படியும் இவர் ஒரு பெரிய மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லுங்கள். பெட்டியில் ஒரே ஒரு முறை பதிந்துவிட்டால் போதும். எந்த மருத்துவராலும் அதைத் தள்ளிவிட முடியாது. மகளையும் பார்ப்பார்கள்." நான் சொன்னேன். மரகதம் பனியனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நூலை வெட்டிவிடாதீர்கள் என்று இந்த முறை எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அவரிடம் சொன்னபோது மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"மரகதக்கா, கைய பின்னால கட்டிக்கோ" என்றாள் ஒருத்தி.

"உன்ற வாயத்தான் மொதல்ல ட்ரிம் பண்ணோணும்" என்றார் மரகதம்.

பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எல்கேவுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. என்னைத் தேர்ந்தெடுத்தார். ஆண்கள் அளவிலேயே பெரியதை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய், சிறிய உறையில் பெரிய தலையணையைத் திணிப்பதுபோல என்னைத் திணித்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அதைக் கழற்றவில்லை. வெள்ளி நூல் கிருமிகளைக் கொல்லும் என்பதால் வியர்வை நாறாது என்று எல்கே உறுதி சொல்லியிருந்தார். தங்கும் விடுதி ஊழியர்கள் அந்த ஆய்வு முடிவோடு உடன்படவில்லை.

வியாழக்கிழமை மதியம் செந்தில்நாதன் வீட்டுச் சாப்பாடு. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுச் செய்த சோறு, மேலே நெய், பக்கத்தில் கொள்ளு ரசம். எங்கள் வீட்டில் சாம்பார் சாதம் என்ற பெயரில் நடப்பதை நினைத்துத் தலைகுனிந்தேன். சாப்பிடும்போது செந்தில்நாதன் மெல்லக் கேட்டார். "ஏனுங்க சார், இந்தப் பனியன்ல யாருக்காச்சும் ஏதாச்சும் இருக்குதுன்னு வந்தா, அது கம்பெனில வேலை செஞ்சதாலன்னு சொல்லீருவாங்களா?" எல்கேவிடம் கேட்டேன். அப்படி யாராலும் இந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது என்றார். செந்தில்நாதன் நிம்மதியாக இன்னொரு கரண்டி நெய் விட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் ஏற்றுமதி இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை பகலில் அது வந்தது.

நாங்கள் பின்னல் பிரிவில் ஓர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செக்கிங்கிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, "சார், மரகதக்காவுக்கு வந்துருச்சுங்க" என்றாள். ஓடினோம். துணி மூட்டைகளின் மேல் மரகதத்தைச் சாய்த்திருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக இருந்தது, உதடு வறண்டிருந்தது, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். ஆனால் எங்களைப் பார்த்ததும் அவர் கண்ணில் இருந்ததை நான் எப்படிச் சொல்ல? பரீட்சையில் படித்த கேள்வியே வந்த மாணவிபோல இருந்தார்.

"வந்துருச்சுங்க சார்" என்றார். "நல்லாவே வந்துச்சுங்க. மேடத்துகிட்டச் சொல்லுங்க. பனியனு போட்டுட்டுத்தான் இருக்கேன்."

எல்கே அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அதற்குள் நாடி இறங்கி ஒழுங்காகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னார். மரகதம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "அங்க போறக்குள்ள நின்னுரும், நார்மல்னுதான் சொல்லுவாங்க. இதுல பாருங்க. இதுல இருக்கும்."

அயர்ன் மேசையிலிருந்து அவர் கணவர் துரைசாமி வந்து நின்றார். ஒல்லியான மனிதர். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார்.

எல்கே இடுப்பிலிருந்த பெட்டியைக் கேட்டார். மரகதம் அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி, தூசி படாமல் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அத்தனை அக்கறை. அந்தக் கைக்குட்டைக்குள், பதியும்போது எரியும் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்று யாருக்கும் தெரிய வழியில்லை. பிரித்துப் பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது. பெட்டியிலிருந்து ஒரு நூல் விரல்நீளத்துக்குத் தொங்கியது. அதன் மறுநுனி பனியனில் இல்லை. பனியனின் ஓரம் சுத்தமாக இருந்தது. வெட்டு நேராக, விளிம்போடு ஒட்டி விழுந்திருந்தது.

எல்கே மடிக்கணினியைத் திறந்து பதிவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். புதன்கிழமை மாலை முதல் வெள்ளி காலை வரை அழகழகாக மேடு பள்ளம், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல. வெள்ளிக்கிழமை வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் ஒரு நடுக்கம். அதற்குப் பிறகு நேர்கோடு.

மரகதம் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். படிப்பறிவு அதிகமில்லாதவருக்கும் நேர்கோடு புரியும்.

"என்னங்க சார், தட்டையா இருக்குது?"

நான் நூலைக் காட்டினேன். அவர் பனியன் ஓரத்தை விரலால் தடவினார். அப்புறம் கழுத்தில் தொங்கிய டிரிம்மரைப் பார்த்தார்.

"காத்தால இடுப்புகிட்ட ஏதோ உறுத்துச்சுங்க" என்றார். "பேச்சு மும்முரத்துல கை போயிருச்சு. நான் வெட்டுனதே எனக்குத் தெரியலைங்க சார்."

மேசையைச் சுற்றி நின்ற பெண்களில் யாரும் இந்த முறை சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி மெதுவாகத் தன் டிரிம்மரைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதற்காக என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

துரைசாமி கேட்டார். "ஏனுங்க சார், அப்ப மிசின்ல ஒண்ணுமில்லீன்னுதான வந்திருக்குது?"

எல்கே வேகமாகத் தலையாட்டி மறுத்தார். "இல்லை என்று வரவில்லை. பதிவாகவில்லை. இரண்டும் வேறு. இதை மிகச் சரியாகச் சொல்லுங்கள், தயவுசெய்து" என்றார். எத்தனையோ விஞ்ஞானத்தைத் தமிழாக்கியிருக்கிறேன். மரபணுவைக் கத்தரிப்பதைச் சொல்லியிருக்கிறேன், கருந்துளையைச் சொல்லியிருக்கிறேன். அந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை.

"கரண்ட் போயிருக்குன்னு வையுங்க" என்றேன் துரைசாமியிடம். "டிவி ஓடல. அதுக்காக சீரியல் நடக்கலைன்னு சொல்ல முடியுமா? அங்க அது பாட்டுக்கு நடந்திருக்கும். நாமதான் பாக்கலை."

துரைசாமி யோசித்தார். விசிறுவதை நிறுத்திவிட்டு நியாயமாகவே யோசித்தார்.

"அது சரிங்க. ஆனா சீரியல்ல என்ன நடந்துச்சுன்னு கரண்ட் வந்தப்பறம் பக்கத்து ஊட்ல கேட்டுக்கலாம். இவ நெஞ்சுல நடந்தத யாருகிட்டங்க கேக்கறது?"

"நான்தான் சொல்றனில்லீங்க மாமா" என்றார் மரகதம். துரைசாமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டையால் மறுபடி விசிறினார்.

எல்கே அந்தப் பனியனை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஊசியால் நெம்பிப் பார்த்தார். ஏற்கெனவே ஒருமுறை வெட்டி ஒட்டுப் போட்ட இடம். வெள்ளி நூல் உள்ளே நாராகக் கிழிந்து வந்தது. ஆண்கள் அளவு எதையாவது பிடித்துத் தைக்கலாமா என்று பார்த்தார், எவ்வளவு பிடித்தும் மரகதத்துக்குப் பெரிதாகவே இருந்தது. தோலோடு இறுக ஒட்டினால்தான் வேலை செய்யும், தொளதொளவென்று இருந்தால் சேலை அசைவதைக்கூட இதயத் துடிப்பு என்று எழுதிவைக்கும். சனிக்கிழமையோடு ஆய்வுக்கான அனுமதியும் முடிந்துவிடும். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, விரலில் குத்திய இடத்தை வாயில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை விடுதியில் எல்கே என் பெட்டியின் பதிவையும் எடுத்துப் பார்த்தார். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நொடிகூட விடாமல் பதிந்திருந்தது. மறுபடியும் காளான் தின்றுவிட்டுப் படியேறியது, ஆட்டோவில் குலுங்கியது, கொள்ளு ரசத்துக்குப் பின் தூங்கியது எல்லாம் தெளிவாக இருந்தன. "சலிப்பூட்டும் அளவுக்கு ஆரோக்கியமான இதயம்" என்றார். எந்த நோயும் இல்லாத, யாரும் கேட்டிராத, எதற்கும் பயன்படாத என் இதயத் துடிப்பு முழுசாக இப்போது பெல்ஜியத்தில் ஒரு கணினியில் பத்திரமாக இருக்கிறது. நானாகப் போகமுடியாத ஐரோப்பாவுக்கு அதுவாவது போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை கிளம்புவதற்கு முன் கம்பெனிக்குப் போனோம். எல்கே பெட்டிகளை எண்ணி அடுக்கப் போய்விட்டார். டீ இடைவேளையில் மரகதம் வாசலுக்கு வந்தார். முந்தைய நாள் அப்படிக் கிடந்தவர் காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஊட்ல படுத்துக் கெடந்தா ஒண்ணுமில்லாததுக்குப் படுத்திருக்கான்னு ஆகிருமுங்க" என்றார்.

எல்கே சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்புக்கென்றே இருக்கும் டாக்டரைப் பாருங்கள். தங்கச்சி போனதை முதலில் சொல்லுங்கள், கடைசியில் இல்லை. நெஞ்சுத் தோலுக்கு அடியிலேயே ஒரு சின்னக் கருவியை வைத்துவிடுவார்கள், வருடக்கணக்காக அது பார்த்துக்கொண்டே இருக்கும், எப்போது வந்தாலும் பிடித்துவிடும்.

"தோலுக்குள்ளீங்களா?"

ஆமாம் என்றேன். சின்னதாகக் கீறித்தான் வைக்கவேண்டும்.

"கீறோணும்னா ஊட்ல உடமாட்டாங்க சார். மிசினே இல்லீன்னு சொல்லிருச்சு, அப்பறம் எதுக்குக் கீறறதுன்னு கேப்பாங்க. என்ற வாயாலயே வெட்டுனன்னு சொல்லீட்டன். இனி நான் என்ன சொன்னாலும் அப்பிடித்தானுங்க." அவர் குரலில் புகார் இல்லை. அது இருந்திருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். "அந்தப் புள்ளையவாச்சும் கூட்டிட்டுப் போயிருவேன். ப்ளஸ் டூ பரிச்சை முடியட்டும்."

பரீட்சைவரை காத்திருக்க வேண்டாம் என்றேன். "சரிங்க சார்" என்றார். இந்த ஊரில் சரிங்க என்பதில் மறுப்பு இல்லை, சம்மதமும் இல்லை. மரியாதை மட்டும் இருக்கிறது.

"மேடம் மறுக்கா வருவாங்களா?"

"அடுத்த வருஷம் வருவாங்க" என்றேன். அனுமதி கிடைத்தால், நிதி கிடைத்தால், முதல் முடிவுகள் திருப்தியாக இருந்தால் என்று எல்கே சேர்த்திருந்த மூன்று சொற்றொடர்களையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

"அடுத்த வருசமுங்களா" என்றார் மரகதம். கேள்வியாக அல்ல, ஏதோ தூரத்தை மனத்துக்குள் அளந்து பார்ப்பதைப்போல. "வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்லுங்க. இந்தவாட்டி கையக் கட்டிப் போட்டுக்கறேன்."

சிரித்தார். நானும் சிரிக்கவேண்டும் என்று தோன்றியது.

உள்ளே மணி அடித்தது. கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கினேன். என் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானிலிருந்து ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மாம்பலத்தில் அது எத்தனை மாதமாகத் தொங்கியதோ. மரகதத்தின் கண் அதன்மேல் போனது. மறுகணம் அவர் இடது கை என் சட்டைக் கையைப் பிடித்தது, வலது கையில் டிரிம்மர் இருந்தது. இரண்டும் அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

வெட்டிய நூலைத் தரையில் போடாமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். மணி இரண்டாவது முறை அடிக்கவே உள்ளே போய்விட்டார்.

ரயிலில் எல்கே தூங்கிவிட்டார். நான் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் சட்டையில் இப்போது ஒரு குறையும் இல்லை.